பால் மறக்காத குதிரைக்குட்டியை டிரெய்லரில் பாதுகாப்பாகக் கொண்டு செல்லும் முறை

பால் குடிக்கும் குதிரைக்குட்டியோடு புறப்படுகிறவர் தம் பயணத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாமல், வழியில் அக்குட்டி எத்தனை முறை தாயின் மடியைத் தேடும் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் குட்டி மணிக்குப் பல முறை, ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகப் பால் குடிக்கும். ஒரு மாதம் கடந்த பிறகும் மணிக்கு ஓரிரு முறையேனும் மடிக்குச் செல்லும். ஓடுகின்ற வண்டியில் நான்கு கால்களையும் ஊன்றித் தன்னை நிலைப்படுத்திக்கொள்வதிலேயே அதன் கவனம் முழுவதும் செலவாவதால், மடி ஒரு முழத் தொலைவில் இருந்தாலும் பெரும்பாலான குட்டிகள் அப்போது சரியாகக் குடிப்பதில்லை. ஆகவே புறப்படும் நேரம், வண்டியின் வேகம், இடையில் நிற்க வேண்டிய இடங்கள், டிரெய்லரின் உள்ளமைப்பு ஆகிய அனைத்தும் குட்டியின் பசியை ஒட்டியே முடிவு செய்யப்பட வேண்டியவை.

நெல்லைச் சீமையில் இத்தகைய பயணம் நேரக்கூடிய சந்தர்ப்பங்களில் இரண்டு முக்கியமானவை. ஆடி மாதம் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் குட்டியோடு தாய்க்குதிரையை வாங்கி ஊருக்குக் கொண்டுவருவது ஒன்று. உடல்நலம் குன்றிய குட்டியைத் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்வது மற்றொன்று. முன்னதில் தொலைவு அதிகம், அவசரம் இல்லை. பின்னதில் தொலைவு குறைவு, அவசரம் மிகுதி. இரண்டுக்கும் ஏற்பாடுகள் வேறுபடும் என்பதால் முதலில் நலமான குட்டியின் பயணத்தை விரிவாகவும், நோயுற்ற குட்டியின் பயணத்தைத் தனியாகவும் கூறுகிறேன்.

இப்போது ஏற்றத்தான் வேண்டுமா

ஏற்றும் முறையைப் பற்றி யோசிக்கும் முன், இப்பயணத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று பார்ப்பது நல்லது. ஒரு மாதம் நிறையாத நலமான குட்டியை மருத்துவக் காரணம் எதுவுமின்றி வண்டியில் ஏற்றாமலிருப்பதே என் கருத்தில் சரியானது. அந்த வயதில் அதற்கு உள்ள நோயெதிர்ப்பு முழுவதும் பிறந்தவுடன் குடித்த சீம்பாலிலிருந்து வந்தது. தானே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பு இன்னும் வளரத் தொடங்கும் நிலையிலேயே இருக்கும். சீம்பாலால் வந்த காப்பும் அடுத்த சில மாதங்களில் படிப்படியாகக் குறைந்துவிடுவதால், பல ஊர்க் குதிரைகள் கூடும் சந்தையில் நுரையீரல் தொற்று முதலில் பிடிப்பது இளங்குட்டிகளையே. சந்தையில் வாங்குகிறவர், இயலுமானால் விலை பேசி முடித்துக்கொண்டு, குட்டி சற்று வளரும்வரை விற்பவரின் லாயத்திலேயே தாயும் குட்டியும் இருக்க ஏற்பாடு செய்துகொள்வது செலவானாலும் வீண்செலவாகாது.

பால் மறக்கடிப்பதையும் பயணத்தையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வது தவிர்க்க வேண்டிய பழக்கம். தாயைப் பிரிந்த கலக்கம் ஒன்றே குட்டிக்குப் போதும். அதன்மேல் புதிய வண்டி, புதிய ஊர், புதிய தீவனம் என்று அடுக்கினால் அது தீவனத்தைத் தொடாமல் நின்றுவிடும். ஐந்து அல்லது ஆறு மாதத்தில் பால் மறந்து, சில வாரங்கள் தீவனம் நன்றாகத் தின்று பழகிய பிறகே தனியாக ஏற்ற வேண்டும். அப்போதும் அதற்குப் பழக்கமான ஒரு சாதுவான குதிரை துணையாக இருப்பது நல்லது.

நாள் குறித்தபின் கால்நடை மருத்துவரிடம் தாயையும் குட்டியையும் காட்டி, பயணம் செய்யத் தக்க உடல்நிலையில் இருப்பதாகவும் தொற்றுநோய் இல்லை என்றும் சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும். 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. தாய்க்குத் தடுப்பூசிகள் எப்போது போடப்பட்டன, குதிரைகளிடையே பரவி மனிதரையும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்பதையும் அப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இவை ஒரு நாள் வேலை; விரிவாகச் சொல்ல வேண்டியது டிரெய்லரைப் பற்றி.

டிரெய்லரின் உள்ளே

நம் பகுதியில் குதிரைக்கென்றே செய்த டிரெய்லர் வைத்திருப்போர் குறைவு. பிக்கப் வண்டியிலோ மினி லாரியிலோ ஏற்றுவதே வழக்கமாக இருக்கிறது. ஆயினும் குட்டியைப் பொறுத்தவரை டிரெய்லரே மேலானது. லாரியின் தளம் குட்டியின் நெஞ்சுயரத்துக்கு இருப்பதால், மண்மேட்டிலோ குளத்துக் கரையிலோ வண்டியைப் பின்னுக்கு ஒட்டி நிறுத்தி ஏற்ற வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் குட்டியின் கால் ஒருமுறை இறங்கினால் எலும்பு முறிவது உறுதி என்றே கொள்ளலாம். டிரெய்லரின் தளமோ தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பதால் சாய்வுப் பலகை நீளமாகவும் சரிவு குறைவாகவும் அமைகிறது.

இரண்டு குதிரைகளுக்காக நடுவில் தடுப்பு வைத்த டிரெய்லரானால், அந்தத் தடுப்பையும், நெஞ்சுக்கு முன்னும் பின்புறத்திலும் உள்ள குறுக்குக் கம்பிகளையும் கழற்றி முழு இடத்தையும் ஒரே அறையாக்கிவிட வேண்டும். பெரிய குதிரையைத் தடுத்து நிறுத்தும் உயரத்தில் இருக்கும் குறுக்குக் கம்பி, குட்டிக்குத் தலைக்கு மேலோ கழுத்தளவிலோ வந்து நிற்கும். அது கம்பிக்கு அடியில் நுழைந்து மாட்டிக்கொண்டால் ஓடும் வண்டியில் எவராலும் உதவ முடியாது. பாதித் தடுப்பை மட்டும் விட்டுவைப்பதும் இதே காரணத்தால் தவறு. தாயும் குட்டியும் அன்றி வேறு குதிரை எதுவும் அந்த அறையில் வரக் கூடாது. சினைக்குதிரைகளையும் இளங்குட்டிகளையும் பிற விலங்குகளோடு கலக்கக் கூடாது என்பது மேற்சொன்ன விதிகளிலேயே உள்ளது.

பின்கதவு பாதியளவே மூடும் டிரெய்லர்கள் பல. பாதிக்கதவுக்கு மேலுள்ள வெளிச்சத்தைப் பார்த்த குட்டி அதை வெளியேறும் வழியாக நினைத்துத் தாவ முயலும் என்பதால், மேற்பாதியை உறுதியான கம்பி வலைச் சட்டத்தால் அடைக்க வேண்டும். தார்ப்பாயைக் கட்டி மறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள், குட்டியின் குளம்பு தார்ப்பாயைக் கிழிக்க எவ்வளவு நேரமாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வலையின் கண் குட்டியின் குளம்பு நுழையாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். பக்கச் சன்னல்கள் திறந்திருந்து காற்று வர வேண்டும். ஆனால் குட்டி தலையை வெளியே நீட்ட முடியாதபடி அவற்றுக்கும் கம்பி வேண்டும். உட்புறம் முழுவதையும் கையால் தடவிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, போல்ட்டின் முனை, தகட்டின் விளிம்பு ஆகியவற்றைக் குட்டியின் கண்ணுயரத்தில் குனிந்து தேட வேண்டும். நின்றபடி பார்க்கிறவர்களுக்கு இவற்றில் பாதி தென்படுவதில்லை.

தளத்தில் ரப்பர் மேட் விரித்து, அதன்மேல் ஒரு சாணுக்குக் குறையாமல் வைக்கோல் பரப்பலாம். குட்டிகள் நெடும்பயணத்தில் படுத்துக்கொள்ளும், அது நல்லதே, ஆனால் வழுக்கும் தளத்தில் எழ முயன்று கால் விரிந்துபோவதைத் தடுக்க இந்த மெத்தை தேவை. பிசான நெல் அறுவடைக்குப் பின் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. எனினும் மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஏற்றக் கூடாது. மூடிய இடத்தில் அதன் தூசு நேரே நுரையீரலுக்குப் போகும். மரத்தூள் காற்றில் பறந்து கண்ணில் விழும். தண்ணீர் வாளி, தாழத் தொங்கும் தீவன வலை போன்றவற்றில் குட்டியின் கால் சிக்கும் என்பதால், வண்டி ஓடும்போது அவை உள்ளே இருக்கக் கூடாது.

டிரெய்லரின் தளப்பலகையை மேட்டைத் தூக்கி அடியிலும் பார்ப்பது, இணைப்புக் கொக்கியையும் பாதுகாப்புச் சங்கிலியையும் சோதிப்பது, டயர்களின் காற்று, பிரேக் விளக்கு, ஸ்டெப்னி, ஜாக்கி ஆகியவற்றைச் சரிபார்ப்பது முதலியன எந்தக் குதிரையை ஏற்றினாலும் செய்ய வேண்டியவை. உடைமுள் சிதறிக் கிடக்கும் நம் ஊர் வண்டித்தடங்களில் டிரெய்லரை நிறுத்தி வைத்திருந்தால், புறப்படும் முன் டயர்களை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது மிகை ஆகாது.

ஏற்றப் பழக்குதல்

பயணத்துக்கு ஒரு வாரமாவது முன்பே டிரெய்லரை வண்டியோடு இணைத்தபடி, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, லாயத்தின் முன் நிறுத்தி வைக்க வேண்டும். இணைக்காத டிரெய்லரின் பின்பக்கம் குதிரை ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். தாய்க்கு அன்றாடத் தீவனத்தை அதனுள்ளேயே வைத்தால், அது நிதானமாக ஏறி இறங்கப் பழகும். தாய் அஞ்சாத இடத்தைக் குட்டியும் அஞ்சாது. மாறாக, தாயே தயங்கி மூக்கை உறிஞ்சி நின்றால், குட்டிக்கு அந்த அச்சம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால் பழக்க வேண்டிய மாணவர் முதலில் தாய்தான்.

ஏற்றும் நாளில் மூவர் வேண்டும்: தாயைப் பிடிக்க ஒருவர், குட்டிக்கு இருவர். தாயைப் பலகையில் மெல்ல நடத்திச் செல்லும்போது, குட்டியைக் கயிற்றால் முன்னிழுக்காமல், ஒரு கையை அதன் நெஞ்சைச் சுற்றியும் மறு கையைப் பின்தொடைகளைச் சுற்றியும் அணைத்து, தாயின் விலாவை ஒட்டியே முன்தள்ளிச் செல்ல வேண்டும். தலையைப் பிடித்து இழுத்தால் குட்டி பின்னுக்குச் சாய்ந்து எழும்பி, பிடரி தரையில் அடிபட விழும். இளங்குட்டிகளில் இத்தகைய வீழ்ச்சி உயிருக்கே ஆபத்தானது. இருவரும் குட்டியின் பக்கவாட்டில் நடந்தால் அது பலகையின் ஓரத்தில் கால் தவறாமலும் காக்கலாம். பலகையின் இருபுறமும் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவைப்பது எளிய தடுப்பு. குட்டி கண்ணில் பட்டால்தான் நகரும் தாய்க்குதிரையானால், குட்டியை இருவர் அணைத்து முதலில் ஏற்றிவிட்டுத் தாயைப் பின்னால் விடலாம். தாய் பதறி ஏறும் என்பதால் உள்ளே இருப்பவர்கள் ஒதுங்க இடம் இருக்க வேண்டும். எவ்வளவு சாதுவான குதிரையும் குட்டியைக் காக்கக் கடிக்கும், உதைக்கும் என்பதை உதவிக்கு வரும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பின்கதவை மூடிய பிறகே தாயைக் கட்ட வேண்டும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டு, தாய் தலையைத் தாழ்த்தி இருமவும், திரும்பிக் குட்டியை முகரவும் முடிகிற நீளம் கொடுக்க வேண்டும். கால் கயிற்றைத் தாண்டும் அளவுக்கு நீளம் போகக் கூடாது. தலையை நெடுநேரம் உயர்த்தியபடி நிற்கும் குதிரையின் மூச்சுக்குழாயில் தூசும் சளியும் வெளியேறாமல் தங்கி, ஓரிரு நாளில் நுரையீரல் அழற்சியாக முடியும். குட்டியை எக்காரணத்தைக் கொண்டும் கட்டக் கூடாது. கட்டினால் விழாது என்று சிலர் வாதிடுவதுண்டு. கட்டிய குட்டி விழுந்தால் கழுத்து திருகிக்கொள்ளும், கட்டாத குட்டி விழுந்தால் எழுந்து நிற்கும் என்பதுதான் அதற்கு விடை. ஓட்டத்தின்போது அதன் தலைக்கயிற்றையும் கழற்றிவிடலாம். விட்டுவைப்பதானால், எங்காவது சிக்கினால் அறுந்துவிடும் மெல்லிய தோல்வாராக இருக்கட்டும், நைலான் வேண்டாம். குட்டியின் கால்களில் துணிக்கட்டும் வேண்டாம். அது நழுவிக் காலைச் சுற்றும்.

அமைதிக்காக மயக்க மருந்தை நாமே கொடுப்பது பெருந்தவறு. மருந்தின் மயக்கத்தில் தாயோ குட்டியோ தடுமாறி விழக்கூடும். குட்டிக்கு உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும் ஆற்றலும் பால் குடிக்கும் நாட்டமும் குறையும். தேவை எனில் மருத்துவர் பார்த்துக் கொடுக்கட்டும்.

சாலையில்

மேற்சொன்ன விதிகள் குதிரைகளை ஏற்றிய வண்டிக்கு மணிக்கு 35 கிலோமீட்டரை உச்ச வேகமாக வைத்திருக்கின்றன. நான்கு வழிச் சாலையில் இந்த வேகம் மற்ற ஓட்டுநர்களுக்கு எரிச்சலூட்டும். இடது ஓரத்தையே பிடித்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்படி ஒளிரும் பட்டைகளை ஒட்டிச் செல்வது தவிர வேறு வழியில்லை. இதன் விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து அந்தியூர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஓட்டமே பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் நிறுத்தினால் மொத்தம் பதினான்கு மணி நேரம். ஒரே மூச்சில் இது குட்டிக்குத் தகாது. மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ அருகில் தெரிந்தவர் லாயத்திலோ வேலியடைத்த தோட்டத்திலோ இரவு தங்க முன்கூட்டியே ஏற்பாடு செய்து, பயணத்தை இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டும். ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் குட்டி வண்டியில் இருக்கலாகாது என்பது என் வரம்பு. அதிலும் குறைந்தால் நல்லது. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கோ தூத்துக்குடிக்கோ செல்வதானால் ஒரே ஒரு நிறுத்தம் போதும்.

ஓட்டுநர் தம் கையில் நிறைந்த தண்ணீர்ப் பாத்திரம் இருப்பதாக எண்ணி ஓட்ட வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு முழுவதும் முடிந்து டிரெய்லர் நேரான பிறகே வேகமெடுக்க வேண்டும். வேகத்தடைகளில் முன்சக்கரத்துக்கு ஒருமுறையும் டிரெய்லருக்கு ஒருமுறையும் தனித்தனியே தவழ விட வேண்டும். குதிரை இல்லாத டிரெய்லரை இழுத்துச் சில நாள் பழகாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். டிரெய்லருக்குள் ஆள் ஏறிச் செல்வதும் கூடாது. சிறிய கம்பியில்லாக் கேமரா ஒன்றை மேல்மூலையில் பொருத்தினால், ஓட்டுநரின் அருகில் இருப்பவர் குட்டி நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வரலாம்.

பருவத்தையும் எண்ண வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நின்ற டிரெய்லரின் உட்புறம் சில நிமிடங்களிலேயே அடுப்பறையாகிவிடும் என்பதால், அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, பத்து மணிக்குள் ஊர் சேர்வதாகவோ நிழலில் நின்றுவிடுவதாகவோ திட்டமிட வேண்டும். ஆடியில் தொல்லை வேறு. மேற்கிலிருந்து வீசும் காற்று, வடக்குத் தெற்காக ஓடும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைக் குறுக்காகத் தாக்கும். கயத்தாறு, பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கங்களில் காற்றாலைகள் நிற்பதே அக்காற்றை நம்பித்தான். உயரமான பக்கங்களையுடைய டிரெய்லர் அங்கே ஒதுங்கும், ஆடும். லாரியின் மறைவிலிருந்து வெளிவரும் கணத்தில் விழும் திடீர் அடிதான் மிகவும் ஆபத்து. காற்று சற்றுத் தணிந்திருக்கும் காலை வேளையில் இப்பகுதியைக் கடந்துவிடுவது நல்லது. காற்றுப்பக்கத்துச் சன்னலைப் பாதி மூடி, மறுபக்கத்தையும் மேற்கூரைத் திறப்பையும் திறந்து வைக்கலாம்.

நிற்குமிடத்தில்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் நிறையாத குட்டியானால் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, வண்டியை நிறுத்தி இயந்திரத்தை அணைத்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். சுங்கச்சாவடி ஓரம் இதற்கு உகந்த இடமன்று. லாரி ஒலிப்பான்களின் இரைச்சலில் தாய் பாலிறக்காது. நான்கு வழிச் சாலைக்காகப் புளியமரங்கள் வெட்டப்பட்ட பிறகு நெடுஞ்சாலையில் நிழல் அரிதாகிவிட்டதால், சாலையிலிருந்து சற்று விலகிய ஓர் ஊர்ப்புறத்து மரத்தடியை முன்னதாகவே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை வசதியான இடமானாலும் குட்டியை வழியில் இறக்கக் கூடாது. கைநழுவிச் சாலையில் ஓடிய குட்டியைத் தாய் தொடரும், இரண்டையும் பிடிப்பது கடினம்.

நிறுத்தியவுடன் உள்ளே எட்டிப் பார்க்காமல் முதல் சில நிமிடங்கள் ஒதுங்கி நிற்பது நல்லது. ஆட்களின் நடமாட்டம் இல்லையென்றால் குட்டி தானாகவே மடிக்குச் செல்லும். அது குடித்ததா என்பதைக் கண்டறியத் தாயின் மடியைப் பாருங்கள்: மடி இறுகி, காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தால், அல்லது குட்டியின் நெற்றியிலும் முகத்திலும் பால் வழிந்து காய்ந்திருந்தால், அது மடிக்கடியில் நின்றும் குடிக்கவில்லை என்று பொருள். இந்நிலை அடுத்த நிறுத்தத்திலும் தொடர்ந்தால் பயணத்தைத் தொடரலாகாது. அருகிலுள்ள கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தாய்க்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் தண்ணீர் காட்டுவது குட்டிக்கும் சேர்த்துத்தான். தண்ணீர் குடிக்காத தாயிடம் பால் குறையும். வெளியூர்த் தண்ணீரின் மணம் பிடிக்காமல் மறுக்கும் குதிரைகள் உண்டென்பதால், வீட்டுத் தண்ணீரையே கேன்களில் கொண்டு செல்லலாம்.

நோயுற்ற பச்சிளங்குட்டி

நலமான குட்டி பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குள் பால் குடிக்கும். இவை தாமதமானால் காத்திராமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் கூறியபடி புறப்பட வேண்டும். எழ முடியாத குட்டியைத் தாயோடு ஒரே அறையில் ஏற்றினால் தாய் அறியாமல் மிதித்துவிடும். அதனால் குட்டியைக் காரின் பின்னிருக்கையில் கம்பளியால் போர்த்தி, பக்கவாட்டில் சாய்க்காமல் நெஞ்சு இருக்கையில் படியுமாறு அமர்த்தி, ஒருவர் தலையை உயர்த்திப் பிடித்தபடி கொண்டு செல்ல வேண்டும். தாய் டிரெய்லரில் பின்தொடரட்டும். உறிஞ்சும் திறன் இல்லாத குட்டியின் வாயில் பாலை ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். தாயின் சீம்பாலைக் கறந்து சுத்தமான பாத்திரத்தில் உடன் கொண்டு சென்றால், மருத்துவர் குழாய் வழியாகப் புகட்டுவார்.

ஊர் சேர்ந்த பிறகு

இறக்கும்போது தாயின் கயிற்றை அவிழ்த்து ஒருவர் கையில் பிடித்துக்கொண்ட பிறகே பின்கதவைத் திறக்க வேண்டும். கட்டியிருக்கும்போது கதவு திறந்தால் தாய் பின்னுக்கு இழுத்து விழும். அறை ஒரே இடமாக இருப்பதால் இரண்டையும் திருப்பி முகம் முன்னாக நடத்தி இறக்கலாம். குட்டிகள் பலகையின் நடுவிலிருந்தே தாவிவிடும் இயல்புடையவை. முன்போலவே நெஞ்சையும் தொடையையும் அணைத்து இருவர் உடன் வர வேண்டும். இறக்கும் இடத்தில் முள்கம்பி வேலியோ உடைமுள் அடைப்போ இருந்தால் அன்று குட்டியைத் திறந்த வெளியில் விடாமல், லாயத்துக்குள் தாயோடு அமைதியாக விட்டுவிடுங்கள். வந்தவர்கள் பார்ப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பயணக் களைப்பால் வரும் நுரையீரல் நோய் பெரும்பாலும் அன்றே தெரியாது. ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் வெளிப்படும். ஆகவே மூன்று நாளும் காலை மாலை வெப்பமானியால் இரண்டின் உடல் வெப்பத்தையும் அளந்து குறித்துவைக்க வேண்டும். குட்டிக்கு 102 பாரன்ஹீட் வரை இயல்பு. அதைத் தாண்டினாலோ, குட்டி மடியை விட்டு ஒதுங்கிப் படுத்தே கிடந்தாலோ, இருமலும் மூக்கில் சளியும் கண்டாலோ, நாட்டு மருந்து பார்த்து நாளைக் கடத்தாமல் மருத்துவரை வரவழைக்க வேண்டும். தாய்க்குப் பழைய இடத்துத் தீவனத்தைச் சில நாளுக்குத் தேவையான அளவு கொண்டுவந்திருந்தால், அதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றலாம். வெளியூர்க் குதிரைகளோடு கலந்து வந்த தாயையும் குட்டியையும் வீட்டில் ஏற்கெனவே உள்ள குதிரைகளிடமிருந்து இரண்டு வாரமாவது தனியே வைத்து, வாளி, தீவனத் தொட்டி, துடைக்கும் துணி ஆகியவற்றையும் அதுவரை தனியாகவே வைத்திருக்க வேண்டும். டிரெய்லரிலிருந்த வைக்கோலை முழுவதும் அகற்றி எரித்து, தளத்தைக் கழுவிக் கிருமிநாசினி தெளித்து, வெயிலில் காயவிட்ட பிறகே அடுத்த குதிரையை அதில் ஏற்றலாம்.